பதிமூன்றாவது விலா

மீன் கூடையில்தான் கொண்டுவந்தார்கள். ஐஸ் போட்டு இறால் ஏற்றுவார்களே, அந்த நீல நிற பிளாஸ்டிக் கூடை. மேலே ஒரு ஈரச் சாக்கு. தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு காவலர்கள் அதைத் தூக்கிவந்து எங்கள் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் கூடத்தின் கடைசி மேஜைமேல் வைத்தபோது காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். சன்னல் வெளிச்சம் மேஜைவரை வந்து விழுந்துகொண்டிருந்தது.

"டாக்டரம்மா, மனுசனா மிருகமான்னு மட்டும் சொல்லிருங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் ஏட்டு இசக்கிமுத்து. கடலோரக் காவல் நிலையத்துக்காரர். முந்தின நாள் ஒரு விசைப்படகின் வலையில் சிக்கியது என்றார். இழுத்துப் போட்டதும் படகில் இருந்தவர்கள் அதன் பக்கமே போகவில்லையாம்.

சாக்கை விலக்கினேன். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் சட்டை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் குளிருக்காகப் போட்டுக்கொள்வது. கழுத்துவரை ஜிப் இழுத்து மூடியிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. சட்டை மட்டும் ஒரு ஆளின் பருமனில் மல்லாந்து கிடந்தது.

ஜிப் உப்பேறி இறுகியிருந்தது. எங்கள் கூடத்து அட்டெண்டர் பெருமாள் குறடால் பிடித்து இழுத்தார். அது பல் பல்லாகத் திறந்தது. உள்ளே மணல். மணலுக்குள் வரிசை வரிசையாக வளைந்த எலும்புகள்.

"மனுசந்தான்" என்றேன்.

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆவுளியாவும் ஆளும்

இப்படி எலும்பு வருவது எங்களுக்குப் புதிதல்ல. கடற்கரை ஊரில் உடற்கூறியல் டியூட்டராக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது போலீஸ்காரர்கள் எதையாவது சுமந்துகொண்டு வருவார்கள். பெரும்பாலும் ஆவுளியா. கடற்பசுவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதன் விலா எலும்பு மனித விலாவைவிடப் பருமன். கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும். சிலசமயம் ஓங்கிலின், அதாவது டால்பினின், முதுகெலும்பு வரும். "மிருகம்" என்று நான் சொன்னதும் வந்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும். டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

எலும்புகளோடு எனக்குப் பழக்கம் முதல் வருஷ விடுதியில் தொடங்கியது. ஆளுக்கு அரை எலும்புக்கூடு வாங்கிக் கட்டிலுக்கடியில் மரப்பெட்டியில் வைத்திருப்போம். சாத்தான்குளத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மா, பெட்டியில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். எனக்கு அன்று சிரிப்பு வந்தது.

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது தங்கள் உடம்பிலேயே எண்ணிப் பார்ப்பதைத்தான். இதை வாசிக்கிற நீங்களும் செய்யலாம். தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவுங்கள். ஒரு முண்டு தட்டுப்படும். பெரும்பாலும் அதுதான் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு, கடைசி. அதற்குக் கீழே நெஞ்சுக்குப் பன்னிரண்டு, இடுப்புக்கு ஐந்து. நெஞ்சின் பன்னிரண்டில் ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஒரு விலாவைப் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் விலா குட்டை, தட்டை, அரிவாள் போல வளைவு. போகப் போக நீளும். கடைசி இரண்டும் முன்னால் எதையும் தொடாமல் சதைக்குள் மிதக்கும்.

மொத்தம் இருபத்து நான்கு விலா. ஆணுக்கும் அவ்வளவுதான், பெண்ணுக்கும் அவ்வளவுதான். ஆதாம் கதையைச் சொல்லி ஆணுக்கு ஒன்று குறைச்சல் என்று வாதாடிய பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு

எலும்புகளைக் கழுவி, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்தோம். அன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் நின்றன. மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் குறிப்பேட்டோடு கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

டக்.

நிமிர்ந்தேன். ஒன்றுமில்லை. எழுதத் தொடங்கினேன்.

டக். டக்.

சத்தம் மேஜையிலிருந்துதான் வந்தது. எலும்புகளிலிருந்து. பட்டப்பகலில் என் கை மயிர் குத்திட்டு நின்றதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு முதுகெலும்பின் நடுத்துளையிலிருந்து சிறிய சங்கொன்று மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்குள் துறவி நண்டு. முதுகுத் தண்டு ஓடிய வழியில் அது குடியிருந்திருக்கிறது. சங்கின் ஓடு எலும்பில் இடிக்கிற சத்தம்தான் அது. அதைப் பிடித்து ஒரு குவளையில் போட்டேன்.

பெருமாள் வந்தபோது அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருபது வருஷமாகப் பிணங்களைத் தூக்கி, கழுவி, மருந்தேற்றி வருகிற மனிதர். கூடத்திலேயே பாயை விரித்துப் பகலில் தூங்குகிறவர். ஆனால் அந்த மேஜைக்கு மட்டும் அவர் முதுகைக் காட்டவே இல்லை. பக்கவாட்டில் நடந்து போனார்.

"என்ன பெருமாள், உங்களுக்கே பயமா?"

"பயமெல்லாம் இல்ல டாக்டர். மத்ததெல்லாம் செத்தது. இது மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கு."

"எலும்பு எப்படி மூச்சுப் பிடிக்கும்?"

"எனக்கென்ன தெரியும். தோணுது, சொல்லுதேன்."

மறுநாள் எலும்புகளை வரிசைப்படுத்தினேன். முதுகெலும்புகளை நடுவில் அடுக்கி, இடமும் வலமும் விலாக்களை வைத்துக்கொண்டு போனேன். வலப்பக்கம் ஒன்பதுதான் கிடைத்தது. மூன்று கடலிலேயே தங்கிவிட்டன. இடப்பக்கம் பன்னிரண்டும் இருந்தன. முடிந்தது என்று நிமிர்ந்தால், தட்டில் இன்னொன்று மிச்சம் கிடந்தது.

சுண்டுவிரல் நீளம். வளைந்து, நுனி கூர்ந்த ஒரு விலா.

மறுபடி எண்ணினேன். இடப்பக்கம் பன்னிரண்டு. கையில் பதிமூன்றாவது. ஒரு சட்டைக்குள் இரண்டு பேரா? இன்னொரு ஆளின் எலும்பு என்றால் அது எப்படி ஜிப் போட்டு மூடிய சட்டைக்குள் வந்தது?

அப்புறம்தான் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பைத் திருப்பிப் பார்த்தேன். இடப்புறத்தில் வழவழப்பான ஒரு சிறு தளம். விலாவை அங்கே வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

கழுத்து விலா. மிகச் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். பலருக்கு அது இருப்பதே சாகிறவரை தெரியாது. புத்தகத்தில் படித்து, படத்தில் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கையில் எடுத்தது அன்றுதான். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி எழுதிய காகிதத்தோடு அதைத் தனித் தட்டில் வைத்தேன். ஏட்டிடம்கூட அதைப் பற்றிச் சொல்லவில்லை.

நாடி

அந்தக் கடற்பகுதியில் சங்கு குளிக்கப் போய்க் காணாமல்போனவர்கள் மூன்று பேர் என்று போலீஸ் கணக்கில் இருந்தது. மூன்று குடும்பங்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். முதல் இரண்டு வீட்டாரும் சட்டையைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் இதே சட்டைதான் என்று கையை விரித்தார்கள்.

மூன்றாவதாக, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள் ஜெசிந்தா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல பச்சைச் சேலை, நெற்றியில் பொட்டு. அவள் கணவர் அமல்ராஜ் போய் எட்டு வருஷம். கூடக் குளித்தவர்கள் கரை திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. நான்கு நாள் தேடினார்கள். அதன்பிறகு யாரோ ஒருவர் அமல்ராஜை ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் வேறொரு பெண்ணோடு பார்த்ததாகச் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் ஏட்டு முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தார்.

"இது அவுக இல்ல" என்றாள் ஜெசிந்தா, சட்டையைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னாலேயே. "அவுக எங்கனயோ நல்லாத்தான் இருக்காவ."

"சரிம்மா. கேக்க வேண்டியதக் கேட்டுக்கிடுதேன். அவர் உடம்புல பழைய முறிவு, ஆபரேஷன், ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. நல்ல உடம்பு." சற்று யோசித்தாள். "ஒரு கூத்து உண்டு. அத அடையாளம்னு சொல்லலாமான்னு தெரியல்ல."

"என்ன கூத்து?"

"கல்யாணம் முடிஞ்ச புதுசுல காட்டுவாவ. அவுக எடது மணிக்கட்டுல என் வெரல வச்சி, நாடி ஓடுதான்னு கேப்பாவ. ஓடும். 'இப்பம் சாகப்போறேன் பாரு'ம்பாவ. கழுத்தத் திருப்பி அண்ணாந்துக்கிட்டு மூச்ச இழுத்துப் புடிப்பாவ. நாடி அப்படியே நின்னுரும் டாக்டர். பொணத்துக் கை மாதிரி இருக்கும். நான் பயந்து கையப் புடுங்கிக்கிடுவேன். மூச்ச விட்டா திரும்ப ஓடும். அவுகளுக்குச் சிரிப்புத் தாங்காது."

நான் அந்தத் தனித் தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கை அடிக்கடி மரத்தும் போவும். கயித்தப் புடிச்சா புடிச்ச மாதிரியே இல்லம்பாவ. தண்ணிக் குளுருன்னு நெனச்சோம்."

கழுத்து விலா இருப்பவர்களுக்குக் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அந்த விலாவின்மேல் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். கழுத்தைத் திருப்பி மூச்சை அடக்கினால் குழாய் நசுங்கும். நாடி மறையும். இதைப் பரிசோதனையாகவே நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்ட அந்த மனிதர் தானாகவே அதைக் கண்டுபிடித்துப் புது மனைவிக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறார்.

தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். இந்த எலும்பு எல்லாருக்கும் கிடையாது. இது இருந்தால் அப்படி நாடி நிற்கும். ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மகளின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அவள் அழவில்லை. அந்தச் சின்ன எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருசமா ஏசிக்கிட்டே இருந்தேன் டாக்டர்" என்றாள். "பூசையில உக்காந்தும் ஏசினேன். இங்கனயா கெடந்தாவ?"

ஒரு கை மட்டும்

மகள் ஷைனி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருந்தாள். இருபது வயது. இறால் பேக்கிங் கம்பெனியில் வேலை. அவளைக் கூப்பிட்டு என் அறையில் உட்காரவைத்தோம். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் இடது கையை நீட்டச் சொன்னபோது அவள் அதைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

தயங்கி எடுத்தாள். விரல்கள் வெளிறியிருந்தன. நகங்களில் நீலம். ஆள்காட்டி விரல் நுனியில் மை வைத்ததுபோல ஒரு கறுப்புப் புள்ளி. தொட்டேன். அந்த வெயில் நேரத்தில் அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும். நாள் பூரா ஐஸ்லதான நிக்கோம். எல்லாருக்கும் இருக்கும்."

"எல்லாருக்கும் ஒரு கை மட்டுமா?"

அவள் கையை மறுபடி துப்பட்டாவுக்குள் இழுக்கப் பார்த்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. "இடது பக்கம் தலையத் திருப்பு. அண்ணாந்து பாரு. மூச்ச நல்லா இழு. அப்படியே புடி."

அவள் இழுத்தாள். கழுத்து நரம்புகள் எழும்பின. விலாக்கூடு விரிந்து உயர்ந்தது. என் விரல்களுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது இளைத்தது, இன்னும் இளைத்தது, நின்றுவிட்டது.

அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, கன்னம் சிவக்க என் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கையில் உயிர் இல்லை. திறந்த கதவு வழியாகக் கடைசி மேஜையின் வெள்ளைத் துணி தெரிந்தது.

"விடுளா!" என்று ஒரு அலறல். ஜெசிந்தா. கதவுப் பக்கம் நின்றவள் பாய்ந்துவந்து மகளின் முதுகில் ஓங்கி அடித்தாள். "மூச்ச விடுளா! விட்டுரு! ஏ பிள்ள, விட்டுரு!"

ஷைனி மூச்சை விட்டாள். நாடி திரும்பி வந்தது. தாய் மகளின் தோளைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெளியே பெருமாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றார்.

அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் இடது கழுத்தின் அடியில் ஒரு வெள்ளைக் கொக்கி. தட்டில் இருந்ததன் அதே வளைவு. ஸ்கேனில் பார்த்தால், அந்த இடத்தில் ரத்தக்குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் கட்டியாகி, துணுக்குத் துணுக்காக விரல்களுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மதுரைக்கு அனுப்பினோம். விலாவை எடுத்து, குழாயைச் சரிசெய்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் கையையே எடுக்கவேண்டி வந்திருக்கும் என்று அறுவை மருத்துவர் என்னிடம் போனில் சொன்னார். ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் போயிற்று.

எட்டு வருஷம் மணலுக்குள் கிடந்த அந்தச் சட்டை ஏன் அந்த மாதம் வலையில் ஏறியது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. நான் அளந்து எழுதுகிறவள். அமல்ராஜ் எப்படிச் செத்தார் என்பதும் தெரியாது. மூச்சை அடக்கி, அண்ணாந்து, இடது கையால் கயிற்றைப் பிடித்து மேலே வருகிறபோது அந்தக் கை உணர்வற்றுப் போயிருக்கலாம். அது என் யூகம். அறிக்கையில் அதை எழுதவில்லை. ஆனால் அந்த எலும்புகளோடு இருந்த மாதங்களில், மாணவர்களுக்கு விலாக்கூட்டைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. கரும்பலகையில் படம் வரைந்து சமாளித்தேன்.

முழு நீளப் பெட்டி

பரிசோதனை முடிவு வர மாதங்கள் ஆயின. அவர்தான். எலும்புகளை ஒப்படைக்கலாம் என்று உத்தரவு வந்த அன்று ஜெசிந்தா என்னைத் தேடி வந்தாள்.

"நீங்களும் வரணும் டாக்டர். எது எங்கன இருக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். கூடையில அள்ளிப் போட்டுக் குடுக்க எனக்கு மனசில்ல."

போனேன். கடற்கரைக் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டம். மூன்று மணி இருக்கும். சின்னப் பெட்டி போதும் என்று எல்லாரும் சொல்லியும் அவள் கேட்காமல் ஆள் நீளப் பெட்டியே செய்யச் சொல்லியிருந்தாள். உள்ளே வெள்ளைத் துணி. தலைமாட்டில் புதிதாகத் தைத்த ஒரு தலையணை.

தோட்டத்து மண்டபத்தில், ஆண்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் மூன்று பெண்களும் உட்கார்ந்தோம். ஷைனி எடுத்துத் தந்தாள். நான் வைத்தேன். ஒவ்வொன்றாக முதுகெலும்புகள், பிறகு தோள்பட்டைகள், மேற்கைகள், வலம் ஒன்பது விலா, இடம் பன்னிரண்டு. கடைசியாக அந்தச் சின்னது. அதை ஷைனி என்னிடம் தரவில்லை. இடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளே வைத்தாள்.

"அன்னைக்குக் காலம்பற பெரிய சண்ட" என்றாள் ஜெசிந்தா திடீரென்று. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "கஞ்சி குடிக்காமலே எறங்கினாவ. 'இந்தப் பக்கம் திரும்பி வராதீய'ன்னு வாசல்ல நின்னு நாந்தான் கத்தினேன். தெருவே கேட்டுச்சி. அதான் ஓடிட்டாவன்னு சொன்னதும் எனக்கு நம்ப முடிஞ்சிது."

ஷைனி தாயைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது. நுனி போன விரலோடு தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே சாமியார் வந்துவிட்டார் என்று குரல் கொடுத்தார்கள். மூடியைத் தூக்க நான்கு பேர் உள்ளே வந்தார்கள்.

"ஒரு நிமிசம்" என்றாள் ஜெசிந்தா.

முழங்காலிட்டுக் குனிந்தாள். தலையணையில் தலை இல்லை. ஆனால் ஒரு ஆளின் காது எங்கே இருக்குமோ அந்த இடத்துக்குத் தன் வாயைக் கொண்டுபோனாள். தலையணைக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இடத்தில் ஏதோ இருப்பதுபோல அவள் கை அதைச் சுற்றி வளைந்து நின்றது. மூடியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபமும் இல்லாமல், அழுகையும் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"வந்துட்டீயல்லா. சரி. இனி போங்க."